தாஷ்கண்ட்காரி

"ஏலே ரோச், உன் பொண்டாட்டி மூஞ்சியப் பாத்தியா? அந்தத் தாஷ்கண்ட்காரிகூட லேப்டாப்புல அப்படி என்னலே சிரிப்பு?"

திரேஸ்புரம் வீட்டில் மகனைப் பிடித்துக்கொண்டாள் பிளாரன்ஸ்.

"யம்மா, தில்னோஸா என் டீம்ல ப்ரோக்ராமர். அவ நாட்டுல கடலே கிடையாது. ஆனா அங்கன வீட்டுல இருந்துக்கிட்டே நம்ம கப்பல் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதுதா. அடுத்த மாசம் டீம் லீடர் ஆவப்போறா."

அடுப்படியில் சீலா மீனின் தலையை ஒரே வெட்டில் துண்டாக்கினாள் மருமகள் ஷெர்லின்.

"கேட்டியாலே சத்தத்தை? கட்டுனவளுக்கு வயிறு எரியுது. நாளையில இருந்து அவகூடப் பேச்சு வேண்டாம்."

கையில் கத்தியோடு வெளியே வந்தாள் ஷெர்லின்.

"மாமி, இவுக அவகூட எவ்வளவு வேணாலும் சிரிக்கட்டும். எனக்கு எரிச்சல் அதுல இல்ல."

"பின்ன எதுலளா?"

"நானும் இன்ஜினியர்தான? அவ இப்பப் பாக்குத வேலைக்குக் கடைசி ரவுண்டு வரைக்கும் அவளும் நானும்தான் போனோம். கடலையே பாக்காதவளுக்குக் குடுத்துட்டு, ஹார்பர் பக்கத்துல பிறந்த எனக்கு அனுபவம் பத்தாதுன்னுட்டாங்க."

"எந்தப் பாவி அப்படிச் சொன்னான்?"

கத்தி ரோச்சின் பக்கம் திரும்பியது.

"இன்டர்வியூ எடுத்தது உங்க மவன்தான் மாமி!"