கேஸ் ஷீட்டில் மூன்றாவது வரி

“பெயர் ஜரீனா. வயது இருபத்திரண்டு,” என்று கண்ணாயி கேஸ் ஷீட்டைச் சத்தமாகப் படித்தாள்.

அடுத்த வரி, கணவர் பெயர்.

கட்டிலைச் சுற்றி நின்ற பயிற்சி நர்சுகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எட்டு மாத வயிற்றோடு படுத்திருந்த ஜரீனாவுக்கு மட்டும் விஷயம் தெரியாது.

ஆறு மாதத்துக்கு முன் இதே வார்டில், இதே வரியில்தான் கண்ணாயி ஃபெயில் ஆனாள்.

பரீட்சை நடத்த சேலத்திலிருந்து வந்திருந்த மேடமும் அதே மேடம்தான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த தலைசுற்றல் தீராமல், எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே மார்க் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று சீட்டுக் குலுக்கியதில் கண்ணாயிக்கு வந்த கர்ப்பிணி கலாவதி. அடிவாரத்துக்காரி. கேட்டதற்கெல்லாம் கூச்சமில்லாமல் பதில் சொன்னாள். கண்ணாயியும் ஒன்று விடாமல் எழுதினாள். படிக்கச் சொன்னபோதுதான் மூன்றாவது வரியில் வாய் நின்றுபோனது.

மூன்று முறை கேட்டார்கள்.

கடைசியில் மேடமே எட்டிப் பார்த்து, “பொன்னுவேல்னு எழுதியிருக்கே. படிக்கத் தெரியாதா?” என்றார்.

இவள் வீட்டுக்காரர் பெயரும் பொன்னுவேல்தான் என்று கூடப் படிக்கும் அத்தாயி மேடத்தின் காதில் சொன்னாள்.

மலையில் பெண்கள் கட்டியவன் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் அவன் ஆயுசு குறையும். மேடத்துக்கு அவன் ஆயுசைப் பற்றிக் கவலையில்லை. மீதி வரிகளைப் படிக்க விடாமல், ஷீட் படிப்பதற்கு முட்டை போட்டுவிட்டார்.

கண்ணாயி தன் ஊரான வெள்ளக்கடை போய்ச் சேருமுன்பே சேதி போய்ச் சேர்ந்திருந்தது. மாமியார் முத்தாயிக்குப் பெருமை தாங்கவில்லை. குழாயடிக்குப் போகிறவர்களை நிறுத்தி வைத்துச் சொன்னாள்.

“பரீச்ச போனாப் போவுதுங்க. எம் பையன் பேரச் சொல்லாம வந்தா பாருங்க, அவதானுங்க மருமவ!”

எஸ்டேட் ரைட்டர் சம்சாரம் ஒரு பலாப்பழம் கொடுத்தனுப்பினாள். ஃபெயில் ஆனதற்குப் பழம் வந்தது அந்த ஊரில் அதுதான் முதல் தடவை.

ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் ஜீப் ஓட்டும் பொன்னுவேல் மட்டும், சாப்பிடும்போது ஒன்றே ஒன்று கேட்டான்.

“அந்தப் பொம்பள எந்த ஊரு?”

“ஞாபகமில்லீங்க,” என்றாள் கண்ணாயி.

அவன் அதே கவளத்தை வெகுநேரம் பிசைந்துகொண்டிருந்தான்.

திரும்ப எழுத ஒரு வாய்ப்புத்தான். அதுவும் போனால் காப்பிப் பழம் பறிக்கக் கூடையைக் கட்ட வேண்டியதுதான். பாஸானால் வேறு ஏதாவது ஊரில் வேலை கிடைக்கும். ஒற்றை அறை குவார்ட்டர்ஸ் என்றாலும், அதன் சாவி அவள் இடுப்பில் இருக்கும்.

“தினமும் நூறு தரம் அந்தப் பேரைச் சொல்லிப் பழகு,” என்று நர்சிங் பள்ளி சிஸ்டர் ஸ்தனிஸ்லாஸ் உத்தரவு போட்டிருந்தார். வெட்கத்துக்கு அவருக்குத் தெரிந்த மருந்து அது.

கண்ணாயி காப்பிச் செடிகளுக்கு நடுவே நின்று சொல்லிப் பழகினாள். முதலில் உதடு மட்டும் அசைந்தது. பிறகு சத்தமும் வந்தது. ஆறு மாதத்தில் அது மிளகு, கிராம்பு மாதிரி ஒரு சொல்லாகிவிட்டது. மாமியாருக்குத் தெரியாது.

“கணவர் பெயர் பஷீர் அகமது,” என்று கண்ணாயி இப்போது படித்தாள்.

கடைசிக் கட்டில் வரை கேட்டது.

ஜரீனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஏனுங்க நர்சம்மா, நானே வாயில சொல்லாம சீட்டத்தான காட்டுனேன்! நீங்க சந்தையில ஏலம் விடறாப்புலச் சொல்றீங்களே!”

வார்டே சிரித்தது. கண்ணாயி சிரிக்கவில்லை. அடுத்த வரிக்குப் போனாள். ரத்த அழுத்தம், சிறுநீர், கால் வீக்கம் என்று எல்லாவற்றையும் படித்து முடித்து ஷீட்டை நீட்டினாள்.

மேடம் எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்தார். “பாஸ்,” என்றார். பிறகு கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

“இவ்வளவு நல்லாப் படிக்கிறியே. போன தடவை அந்தப் பேரு மட்டும் ஏன் வரல? இப்பவாவது வருமா? சொல்லு பாப்போம்.”

கண்ணாயி நிமிர்ந்து நின்றாள்.

“கணவர் பெயர் பொன்னுவேல். தொழில் ஜீப் டிரைவர். சொந்த ஊர் வெள்ளக்கடை.”

“பேரத்தானே கேட்டேன். மத்ததெல்லாம் எதுக்கு?”

“அன்னிக்கி அந்தக் கலாவதியம்மா அப்பிடித்தானுங்க மேடம் சொன்னாங்க. அப்பிடியேதான் எழுதியிருந்தேன். நீங்கதான் மீதியப் படிக்க விடலீங்க.”

அத்தாயி தரையைப் பார்த்தாள்.

மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. பழைய மார்க் தாளைப் புரட்டி, “மத்ததெல்லாம் அன்னைக்கும் நல்லாத்தான் செஞ்சிருக்க,” என்றார். “வயித்துல கொழந்தையோட இதயத்துடிப்பு எண்ணினதுக்குப் பத்துக்குப் பத்து போட்டிருக்கேன்.”

பெயர், தொழில், ஊர் எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகுதான் அன்று கண்ணாயி கலாவதியின் வயிற்றில் மரக்குழலை வைத்துக் காது கொடுத்தாள்.

நிமிடத்துக்கு நூற்று நாற்பத்திரண்டு. எண்ணிக்கை தப்பவில்லை.