கட்டைவிரல் அளவு

உயர்நிலை ரைஃபிள் பயிற்சியின் கடைசித் தேர்வில், காவலர் இசக்கியம்மாளின் ஏழாம் எண் இலக்குத் தாள் ஒரு துளைகூட இல்லாமல் வந்தது. ஆளுக்கு ஐந்து குண்டுதான்; எட்டாம் எண் தாளிலோ பத்து ஓட்டைகள். ஐந்து சிதறிக் கிடந்தன. ஐந்து நடுக்கறுப்பில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"நடுவுல இருக்கிறது உம்மதா?" என்று எட்டில் சுட்ட ஏட்டு பவுல்துரையிடம் பயிற்சி ஆய்வாளர் கேட்டார். தலையாட்டியிருந்தால் பதக்கம் அவருக்குத்தான்.

"எனக்கு இப்படிச் சுட வராதுய்யா. அது இந்தப் பிள்ளையோடது."

"ஏம்மா, ஏழுல படுத்துக்கிட்டு எட்டையா சுட்ட?"

"நம்பரைப் பாக்கலைய்யா. கறுப்பை மட்டுந்தான் பாத்தேன்."

பிறர் இலக்கைச் சுட்டால் முட்டைதான், அது விதி. ஆய்வாளர் முட்டையைப் போட்டுக் கையெழுத்திட்டார்.

இசக்கியம்மாள் அந்த ஐந்தின்மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. அவள் விரலை எடுத்ததும் பவுல்துரை தன் விரலை வைத்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். சற்று நேரத்தில் மைதானத்தின் பாதித் தூரத்துக்கு வரிசை நீண்டுவிட்டது. அவள் தாளை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

வரிசையின் கடைசியில், பேனாவைச் சட்டைப்பையில் செருகியபடி, ஆய்வாளர் வந்து நின்றார்.