இன்னும் எழுதப்படாத கோப்பு

கம்பைலர் இல்லை என்றது திரை.

அவள் இன்னொரு முறை அடித்துப் பார்த்தாள். அதே ஒற்றை வரி.

வழக்கமாக இருக்கும் இடத்தில் தேடினாள். மற்றதெல்லாம் இருந்தது. அது மட்டும் இல்லை.

அண்ணன்தான் தூக்கியிருப்பான்.

தூக்கிவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவள் திணறுவதைப் பார்த்துச் சிரிப்பான். போன வருடம் வரை.

இப்போது அந்த நாற்காலியில் மடிக்காத துணி குவிந்திருந்தது. அவன் இறந்த பிறகு இந்த மெஷினை அவள் திறப்பது இதுதான் முதல் தடவை.

அவள் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. உள்ளே ஒரே கோப்பு.

புதிர் 31.

முப்பதையும் அவள் அவிழ்த்திருக்கிறாள். இது ஒன்று இருப்பதை அவன் சொல்லவே இல்லை.

அவன் புரோகிராம் எழுதி வைப்பான். அவள் அதைக் கம்பைல் செய்து மெஷின் மொழிக்கு மாற்றி, ஓட்டி, அது கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். எழுதியதைத் திறந்து படிக்கக் கூடாது.

"தொறந்து பாத்தா அது களவு. ஓட்டிப் பாருட்டி."

திறந்தால் ஒரு நிமிடத்தில் பதில் தெரிந்துவிடும்.

திறக்கவில்லை.

கைபேசியிலிருந்து இணையம் கொடுத்தாள். கம்பைலரை நிறுவச் சொன்னாள். கடவுச்சொல் கேட்டது.

அது அவர்கள் வளர்த்த நாயின் பெயர். அதுவும் இப்போது இல்லை.

அடித்த எழுத்து எதுவும் திரையில் தெரியவில்லை. கடவுச்சொல் அடித்தால் அப்படித்தான். என்றாலும் கொஞ்சம் காத்திருந்தாள்.

மெஷின் மறுத்தது. இணையத்தில் இருக்கும் மென்பொருள் பட்டியல், இன்னும் வராத ஒரு நாளில் வெளியிடப்பட்டதாம். ஏற்க முடியாதாம்.

அப்போதுதான் திரையின் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தாள்.

உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்திருக்க வேண்டும். கடிகாரம் பல வருடம் பின்னால் போய் விழுந்திருந்தது. தானாக நேரத்தைச் சரிசெய்துகொள்வதை அண்ணன் எப்போதோ நிறுத்தியிருந்தான். அதுவும் ஒரு புதிருக்காகத்தான்.

மெஷினுக்குள் இப்போது நடக்கும் வருடத்தில் அவன் கல்லூரியில் படிக்கிறான். ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டு சனிக்கிழமை வீட்டுக்கு வருவான்.

கோப்பின் தேதியோ அதற்குப் பல வருடம் கழித்து வரப்போகும் ஒரு நாள்.

இன்னும் எழுதப்படாத கோப்பு. எழுத வேண்டியவன் இருக்கிறான்.

அடுக்களையில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே மகளிடம் கேட்டாள்.

"கம்ப்யூட்டர் இரையுதே. அவன் எழும்பிட்டானா மக்களே?"

துருவும் சத்தம் நின்றது.

 

வெகு நேரம் கழித்துத் துருவல் மீண்டும் தொடங்கியது. மெதுவாக.

தேதியைச் சரிசெய்யாமல் கம்பைலர் வராது.

ஒரே வரிதான். இன்றைய தேதியை அடித்தாள். என்டரில் விரல் வைத்தாள். எடுத்தாள். வைத்தாள்.

அத்தனை வருடமும் ஒரு நொடியில் கடந்தன. அவன் இறந்த அந்த ஜூலையும்.

இனி மெஷினுக்கும் தெரியும்.

கம்பைலர் இறங்கியது. நிறுவிக்கொண்டது. அவள் கம்பைல் செய்தாள். பிழை ஒன்றும் இல்லை. அவன் எழுதினால் இருக்காது.

ஓட்டினாள்.

தமிழ் எழுத்துகள் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகப் பிரிந்து வந்தன. கறுப்புத் திரையில் தமிழ் அப்படித்தான் வரும். அவளுக்குப் பழக்கம்.

"வந்துட்டியாட்டி? ஒரு கம்பைலரத் தேட இவ்வளவு நாளா? மண்டைக்குள்ள என்ன, தேங்காத் துருவலா?"

அவள் சிரித்துவிட்டாள். சத்தமாக.

அடுக்களை சட்டென்று அமைதியானது.

அடுத்த வரி வந்தது.

"சரி. நான் இப்ப எங்க இருக்கேன்? மூணு தடவைதான் சொல்லலாம்."

கர்சர் விட்டுவிட்டு ஒளிர்ந்தது.

மாடி என்று அடித்தாள்.

தப்பு.

அடுக்களை.

தப்பு.

மூன்றாவதற்கு வெகு நேரம் எடுத்துக்கொண்டாள். அவன் கல்லறை இருக்கும் தெருவின் பெயரைப் பாதி அடித்தாள். அழித்தாள். வீடு என்று அடித்தாள்.

தப்பு.

"தோத்துட்டே. திரும்பி என்கிட்டயே கேளு, சொல்லித் தாறேன்."

புரோகிராம் முடிந்துவிட்டது.

அவள் திரும்பவில்லை. பக்கத்து நாற்காலியில் துணிதான் இருக்கிறது. தெரியும்.

பதில் அந்தக் கோப்புக்குள்தான் இருக்கிறது. திறந்தால் போதும். சுட்டியைக் கோப்பின் மேல் கொண்டுபோனாள். அங்கேயே வைத்திருந்தாள்.

களவு.

சுட்டியை நகர்த்தினாள்.

அவன் புதிர்களில் தோற்றால் அவள் செய்கிற திருட்டு வேலை ஒன்று உண்டு. கடிகாரத்தைப் பின்னால் திருப்பிவிட்டு மறுபடி ஓட்டுவாள். சில புதிர்கள் அதில் ஏமாந்துவிடும்.

தேதியைத் திருப்பினாள். மெஷின் சற்றுமுன் இருந்த அதே வருடத்துக்கு.

ஓட்டினாள்.

கொம்பும் காலும் பிரிந்த எழுத்துகள் வந்தன. இந்த முறை வேறு வரி.

"கள்ளி, கடிகாரத்தத் திருப்பிட்டியா? இந்தப் புதிரை நான் இன்னும் எழுதவே இல்லட்டி. கொஞ்சம் பொறு. வாறேன்."

அவள் திரையையே பார்த்திருந்தாள்.

தேதியை மாற்றவில்லை.

பிறகு எழுந்து, பக்கத்து நாற்காலியில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.