சாவிச் சத்தம் போடும் பந்து

கிட்ட வந்து உட்காருங்கள் கண்மணிகளே, இனி வரப்போகும் காலத்துக் கதை ஒன்று வைத்திருக்கிறேன்.

கோவையில் ஓர் அடுக்குமாடி வீட்டில் பூங்கோதை தன் நாய் கருப்பட்டியோடு தனியாக இருந்தாள். அவள் வேலைக்குப் போய்விட்டால் அது சலித்துப்போய்ச் செருப்புகளைக் கடித்துக் குதறும். அதற்காக ஒரு விளையாட்டுப் பந்து வாங்கினாள். மணிக்கொரு முறை அது கதவில் சாவி திருகும் சத்தம் போட்டு, அவள் குரலிலேயே "வந்துட்டேன்டா தங்கம்" என்று சொல்லும். நாய் வாசலுக்கு ஓடும். செருப்புகள் பிழைத்தன.

ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு ரெஜினா படிக்கட்டில் மறித்தாள்.

"ஏனுங் கோதை, பகலெல்லாம் வீட்டுலயேதான் இருக்கீங்களாட்டம். வந்துட்டேன்னு சொல்றதோட சரி. உங்க நாயி கதவப் பிறாண்டி அழுகுதுங்க. கொஞ்சம் தூக்குனா என்னங்க?"

'நான் வீட்டிலேயே இல்லை' என்று சொல்ல வாயெடுத்தாள். அது இன்னும் கேவலமாகப்பட்டது. தலைகுனிந்து உள்ளே போனாள்.

"வந்துட்டேன்டா தங்கம்" என்றாள், இந்த முறை அவளே.

கருப்பட்டி கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

மறுபடி கூப்பிட அவளுக்கு நாக்கூசியது. பேசாமல் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினாள். அது நெடுநேரம் மோந்து பார்த்தது.

உங்கள் வீட்டில் காத்திருக்கும் உயிர்களிடம் குரலும் ஆளும் ஒன்றாகவே வந்து சேரட்டும். நன்றாயிருங்கள்.