வெள்ளைக் கோட்டைத் தொட்ட ஸ்கூட்டர்

சாலைக் குழியில் விழாமல் ஒதுங்கிய ஸ்கூட்டர், வெள்ளைக் கோட்டைத் தொட்டுவிட்டது. கம்பத்தில் இருந்த கடமை தவறாத கேமரா ‘க்ளிக்’ என்றது.

“ஐயா, அபராதம் போட்டுடாதீங்க! குழிக்குப் பயந்துதான் ஒதுங்கினேன்” என்று கெஞ்சியது ஸ்கூட்டர்.

குழிக்கே மனசு கேட்கவில்லை. “தப்பு என்னோடதுதான் சார். என்னைப் படம் புடிங்க.”

கேமரா தொண்டையைச் செருமியது. “புடிச்சு? நோட்டீஸை எங்கய்யா அனுப்புறது? உனக்கு நம்பர் பிளேட் இருக்கா?”

மறுநாள் ஸ்கூட்டர் சட்டத்துக்குப் பணிந்து நேராகப் போனது. தடால்! விழுந்து எழுந்ததில் அதன் நம்பர் பிளேட் கழன்று குழிக்குள்ளேயே கிடந்தது.

“வசமா சிக்கினியா!” என்று கேமரா குழியை ஆசைதீரப் படம் எடுத்தது.

மூன்றாம் நாள் ஸ்கூட்டருக்கு நோட்டீஸ் வந்தது: ‘நடுரோட்டில் குழியாக இருந்த குற்றம்.’