தேனுக்குச் சாய்ந்த சாமி

இந்த அரச வீட்டில் அடுத்த ராணி யாரென்று சொல்வது சபை நடுவே எரியும் தீச்சாமிதான். சுடர் யார் பக்கம் சாய்கிறதோ அவளுக்கே முடி. பன்னிரண்டு வருஷம் எண்ணெய் வார்த்த மூத்தவள் மிதப்பாக நிற்கிறாள். சன்னல் வெயிலில் சுடர் மோப்பம் பிடிப்பதுபோல் இருமுறை துடித்து, ஆற அமர இளையவள் பக்கம் சாய்கிறது. சபை வாய்பிளக்கிறது. "நான் என்னக்கா பண்றது? சாமி சித்தம்," என்று தங்கை தரையைப் பார்க்கிறாள். சாமியே ஆனாலும் தேனென்றால் சபலம்; அந்த ரகசியத்தை மூத்தவள் இவள் ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறாள். தங்கையின் கட்டைவிரல் பிசுபிசுவென்று மினுங்குகிறது, பட்டுச் சட்டைக்கையில் எறும்புகள் ஏறுகின்றன. சின்ன வயசுப் பழக்கத்தில் மூத்தவள் அவற்றைத் தட்டிவிட்டு, காதோரம் குனிந்து சொல்கிறாள்: "கையையாவது கழுவிட்டு வந்திருக்கலாம்லடி."