மாறிப்போன ஸ்பிரிங்

"புது ஸ்பிரிங் இங்கேயே கிடக்குது."

காலையில் கடையைத் திறந்து மேஜையைத் துடைத்தவர், அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

டீ கொண்டுவந்த மனைவிக்குப் புரியவில்லை. "கிடந்தா எடுத்து வைங்க."

"இது நேத்து தோட்டத்துக்காரர் துப்பாக்கிக்குள்ள போயிருக்கணும். கழட்டின பழசையே திரும்ப மாட்டிக் குடுத்துட்டேன்."

துப்பாக்கி ரிப்பேர்தான் அவர் தொழில். நடுநடுவே தையல் மெஷின், தராசு என்று ஸ்க்ரூ இருக்கிற எதையும் பார்ப்பார். பட்டப்பெயர் 'ஒருதடவை'. அவரிடம் ஒரு தடவை போனால் அதே கோளாறுக்கு மறுபடி போக வேண்டியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

நேற்று தோட்டத்துக்காரர் தலைமேல் வந்து நின்றார். காட்டுப்பன்னி வருகிறது, இன்றைக்கே வேண்டும் என்று ஒரே அவசரம். ஆடிக்கொண்டிருந்த ஸ்க்ரூ இரண்டையும் மாற்றியாயிற்று. ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. புதுசையும் பழசையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். கை பழசை எடுத்திருக்கிறது. சுட்டுப் பார்க்கக்கூட அந்த மனுஷன் விடவில்லை.

"இப்ப என்ன ஆகும்?" என்றாள் மனைவி.

"விசையை அழுத்தினா டிக்னு ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான். அடி பலமா விழாது, தோட்டா வெடிக்காது. எதிர்ல பன்னி நின்னா..."

மேலே சொல்லாமல் போனை எடுத்தார். மூன்று தடவை அடித்தும் யாரும் எடுக்கவில்லை.

"கோளாறுன்னா அவரே வருவார். துப்பாக்கி பழசுன்னு சொல்லிடுங்க. நம்பிட்டுப் போறார்."

அந்த யோசனை தனக்கும் முதலிலேயே வந்துவிட்டது என்பதுதான் அவரை இன்னும் கூச வைத்தது. கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினார்.

வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். எப்படிச் சொன்னாலும் கேவலமாகத்தான் இருந்தது.

தோட்டத்துக்காரர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போயிற்று.

"மன்னிச்சிடுங்கய்யா. தப்பு என்மேலதான். பழைய ஸ்பிரிங்கையே போட்டுட்டேன். உங்க துப்பாக்கி வெடிக்காது."

கத்துவார் என்று பார்த்தார். தோட்டத்துக்காரர் கத்தவில்லை.

"அதனாலதானா?" என்றார் மெதுவாக.

"கொண்டாங்க, பத்து நிமிஷத்துல மாத்திடறேன்."

உள்ளே போய்க் கொண்டுவந்து கொடுத்தார். ரிப்பேர்காரர் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு தோட்டா. அதன் பின்பக்கத்தில் லேசாக ஒரு பள்ளம்.

விசையை அழுத்தியதன் அடையாளம் என்று அவருக்குத் தெரியும். "சுட்டீங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினார்.

"பன்னி பாஞ்சிடுச்சா? யாருக்காவது அடிகிடி பட்டுச்சா?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"ஆகியிருந்தா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இங்க வந்து நிப்பேன்? முப்பது வருஷமா இதே தொழில். வெக்கமா இருக்குங்கய்யா."

"நீங்க வெக்கப்படாதீங்க." தோட்டத்துக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தயவுசெஞ்சு நீங்க படாதீங்க."

அப்போது பக்கத்து வீட்டுப் பக்கமிருந்து ஒருவர் கையில் குறடோடு வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. சாயலைப் பார்த்தாலே தெரிந்தது, தம்பி.

"வேலியை நீ சொன்ன இடத்துலயே நட்டுட்டேண்ணே. விடியக்காலைல இருந்து கம்பி கட்டி இப்பதான் முடிச்சேன். ரெண்டடி நிலத்துக்காக மூணு மாசமா பேசாம இருந்தது போதும். அது உனக்கே இருக்கட்டும்."

அண்ணன் நிமிரவில்லை.

தம்பி விருந்தாளியைப் பார்த்தார். "வெயில்ல வந்திருக்காரே, தண்ணி குடுத்தியா? இரு, நான் கொண்டு வரேன்." உள்ளே போனார்.

ரிப்பேர்காரர் தோட்டாவை எடுத்துக் கீழே வைத்தார். "நல்ல தம்பிய்யா உங்களுக்கு. அது கிடக்கட்டும், பன்னி எந்தப் பக்கமா வந்துச்சு?"

தோட்டத்துக்காரர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"பன்னி எதுவும் வரல. விடியக்காலைல வேலியைப் பிடுங்கிட்டு இருந்தான். இன்னும் என் நிலத்துக்குள்ள தள்ளிப் போடறான்னு நெனச்சு, இவன் முதுகுக்குத்தான் குறி வெச்சேன்."